பூட்டியவருக்கே திறவாத பெட்டி

ஒரு குடும்பத்தின் பொக்கிஷம் எங்கே இருக்கிறது என்று இக்காலத்தில் கேட்டால், பலரும் இரும்புப் பெட்டியைக் காட்டமாட்டார்கள். மேஜை டிராயரில் கிடக்கும் உள்ளங்கை அகலமான ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டுவார்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று கடைக்காரர்கள் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். நாம் சுருக்கமாகத் தட்டு என்று வைத்துக் கொள்வோம். கல்யாணப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள், வரிக் கணக்குகள், காலஞ்சென்ற பாட்டியாரின் குரல் எல்லாம் அந்தத் தட்டுக்குள்ளே அடக்கம். இவ்வளவும் திருடன் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று அஞ்சி, விவேகமுள்ளவர்கள் அதற்கு ஒரு பூட்டும் போட்டு வைக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் ஒரு நாள் அந்தப் பூட்டு, போட்டவருக்கே திறக்க மறுத்துவிடுகிறது. அப்பொழுது செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம். பூட்டிய தட்டைக் கணிப்பொறியுடன் இணைத்ததும் சில சமயம் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும். இந்தத் தட்டை உபயோகிப்பதற்கு முன் ஃபார்மட் செய்தாக வேண்டும், செய்யலாமா என்று அது மிகுந்த மரியாதையோடு கேட்கும். கணிப்பொறி இதைக் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. பூட்டிய தட்டிலுள்ள எழுத்து அதற்கு விளங்குவதில்லை. ஆகவே ஒன்றும் எழுதப்படாத தட்டு என்று எண்ணிக்கொள்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்த வேலைக்காரன், பரணிலுள்ள ஏட்டுச் சுவடிகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் குப்பையை அடுப்பில் போட்டுவிடலாமா, எஜமான்?" என்று கேட்பதைப் போன்றதுதான் இது. வேண்டாம் என்று சொல்வது எஜமானுடைய பொறுப்பு. அவ்வாறே 'இனிஷியலைஸ்' என்னும் பொத்தானையும் தொடலாகாது. தட்டிலுள்ள பிழைகளைத் திருத்துகிறேன் என்று முன்வரும் 'செக் டிஸ்க்' என்ற உபகரணத்தையும் இப்போதைக்கு விலக்கி வைக்க வேண்டும். திறவாத தட்டுக்களில், தானாக அழிந்தவற்றோடு அவசரக் கைகளால் அழிக்கப்பட்டவையும் உண்டு. முன்னதைத் தடுக்க நம்மால் முடியாமற் போகலாம். பின்னதைத் தடுப்பது முற்றிலும் நம் கையில் இருக்கிறது.

இனி, இந்தப் பூட்டு எத்தகையது என்று பார்ப்போம். கதவுக்குப் போடும் பூட்டை உடைத்தால், உள்ளே சாமான்கள் வைத்தது வைத்தபடி இருக்கும். இது அப்படிப்பட்ட பூட்டு அன்று. குறியாக்கம் என்னும் இந்த வித்தை, சாமான்களையே தூளாக்கிக் கலந்து வைத்துவிடுகிறது. சாவியைக் கொடுத்தால்தான் தூள் மறுபடியும் சாமானாகும். பெரும்பாலான தட்டுக்களில் கையாளப்படும் முறைக்கு ஏ.இ.எஸ். என்று பெயர். பெல்ஜியம் தேசத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் வகுத்த இம்முறையை, அமெரிக்க சர்க்கார் 2001-ஆம் வருஷத்தில் தங்கள் நாட்டின் நியமமாக ஏற்றுக்கொண்டார்கள். அதன் மிகச் சிறிய சாவியே 128 பிட் நீளமுள்ளது. அத்தகைய சாவிகள் மொத்தம் எத்தனை இருக்கக்கூடும் என்று எழுதிப் பார்த்தால், 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வருகிறது. வினாடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் யந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு லட்சம் கோடி கோடி வருஷங்கள் ஆகும். பிரபஞ்சம் தோன்றி ஏறக்குறைய 1,380 கோடி வருஷங்கள்தான் ஆகின்றன என்று வானசாஸ்திரிகள் சொல்லுகிறார்கள்.

நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் அந்தப் பெரிய சாவி அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய சாவியைக் கணிப்பொறி தானே உண்டாக்கி, ஒரு சிறு பேழையில் இட்டு, அந்தப் பேழையை நமது கடவுச்சொல்லால் பூட்டி, தட்டின் ஒரு மூலையில் வைத்துவிடுகிறது. இந்தப் பேழைக்கு ஹெடர் என்று பெயர் சொல்வது உண்டு. விண்டோஸுடன் வரும் பிட்லாக்கர் என்னும் பூட்டில், நமது சொல்லை 10,48,576 தடவை அரைத்து எடுத்த பிறகே பேழை திறக்கிறது. திருடன் ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்ப்பதைத் தாமதப்படுத்தவே இந்த ஏற்பாடு.

ஆகவே தட்டு திறக்கவில்லையென்றால், கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்க வேண்டும்: பெட்டியில், அல்லது பூட்டில், அல்லது சாவியில். இந்த வரிசையிலேயே விசாரிக்க வேண்டும். பெட்டியில் கோளாறு இருக்கும்போது சாவியைச் சந்தேகித்து, நூறு சொற்களைப் போட்டுப் பார்ப்பதால் பயன் இல்லை.

பெட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். தட்டை இணைத்ததும் விளக்கு எரிகிறதா? உள்ளே சுழலும் ஓசை கேட்கிறதா? விண்டோஸிலுள்ள 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் திரையில், தட்டு தன் சரியான கொள்ளளவுடன் தென்படுகிறதா? தென்பட்டால் பெட்டி பெரும்பாலும் நலம் என்று கொள்ளலாம். இல்லாவிட்டால், வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பல துளைகள் உள்ள இணைப்பான்களை நீக்கிவிட்டு, கணிப்பொறியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரந்தான் கொடுக்கக் கடமைப்பட்டது, 3.0 துளை 900 வரை கொடுக்கும். பட்டினி கிடக்கும் தட்டு பாதி எழுந்து மறுபடியும் விழுந்துவிடும். பெரிய தட்டுக்களுக்குத் தனி மின்சார அடாப்டர் உண்டு. அதையும் சோதிக்க வேண்டும்.

தட்டிலிருந்து டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை வருமானால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். தட்டைப் படிக்கும் ஊசிமுனை போன்ற பாகம் தடுமாறுகிறது என்பதற்கு அது அறிகுறி. ஓடவிடும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டமே. தட்டைத் திறந்து பழுது பார்க்கும் தொழிற்கூடம் உள்ள நிபுணரிடம் கொண்டுபோவது ஒன்றே வழி.

ஓசை எதுவும் இல்லை, ஆனால் தட்டு மந்தமாக இருக்கிறது, இடையிடையே மறைகிறது என்றால் நகல் எடுப்பது உத்தமம். பூட்டிய தட்டை எப்படி நகல் எடுப்பது என்று நேயர்கள் கேட்கலாம். பூட்டியதைப் பூட்டியபடியே எடுக்கலாம். 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள், தட்டில் இருப்பது என்னவென்று ஆராயாமல், முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரையில் உள்ளது உள்ளபடியே வேறொரு தட்டுக்கு மாற்றிவிடும். அதே கொள்ளளவுள்ள, அல்லது அதற்குப் பெரிய தட்டு வேண்டும். எது மூலம், எது நகல் என்று இரண்டு தடவை பார்த்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும். மாறிப்போனால் இருப்பதும் போய்விடும். பிறகு மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, எல்லாப் பரிசோதனைகளையும் நகலின் மேலேயே நடத்தலாம்.

பெட்டியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. சில கம்பெனிகளின் தட்டுக்களில், குறியாக்கத்தைச் செய்யும் சில்லு உறைக்குள் இருக்கும் ஒரு சிறு பலகையில் அமைந்திருக்கிறது. உறை கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டை மட்டும் வேறு உறையில் பொருத்தினால், சரியான கடவுச்சொல் இருந்தும் தட்டில் தூளே தெரியும். ஆகவே பழைய உறையைக் குப்பையில் போடாதீர்கள்.

இரண்டாவது, பூட்டு. பெட்டி நலமாக இருந்தும், நாம் கொண்டுபோகும் கணிப்பொறிக்கு அந்தப் பூட்டின் பாஷை தெரியாமல் இருக்கலாம். பிட்லாக்கர் போட்ட தட்டை ஆப்பிள் கம்பெனியின் மாக் கணிப்பொறி தானாகத் திறப்பதில்லை. மாக் கணிப்பொறியில் பூட்டிய தட்டை விண்டோஸ் திறப்பதில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் புதிதாகப் பிட்லாக்கர் பூட்டுப் போட இயலாது. ஆனால் போட்ட பூட்டைச் சாவி கொடுத்துத் திறக்கலாம். 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, எக்ஸ்.டி.எஸ். என்னும் புதிய முறையைப் புகுத்திற்று. அம்முறையில் பூட்டிய தட்டு, விண்டோஸ் 7 அல்லது 8 உள்ள பழைய யந்திரத்தில் திறக்காது. அதற்குத் தட்டின் மேல் குற்றமில்லை. புதிய யந்திரத்துக்குக் கொண்டுபோனால் திறந்துவிடும்.

வெராகிரிப்ட் என்னும் பூட்டை உபயோகிப்பவர்களுக்கு வேறு சில குறிப்புகள். அதற்கு முன்னோடியாக இருந்த ட்ரூகிரிப்ட் 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. வெராகிரிப்ட் அந்தப் பழைய பூட்டுக்களையும் வெகு காலம் திறந்து வந்தது. ஆனால் 2023-இல் வந்த 1.26 வரிசையிலிருந்து அந்த வசதி நீக்கப்பட்டது. பழைய தட்டு வைத்திருப்பவர்கள் 1.25.9 பதிப்பைத் தேட வேண்டும். இரண்டாவதாக, பூட்டும்போது பி.ஐ.எம். என்று ஓர் எண்ணைத் தாமே கொடுத்திருந்தால், திறக்கும்போதும் அதே எண்ணைக் கொடுத்தாக வேண்டும். சொல் சரியாயிருந்து எண் தவறினாலும், சொல் தவறு என்றே பதில் வரும்.

சாவிப் பேழையே சிதைந்துபோவதும் உண்டு. அப்போது சரியான சொல்லும் பயன்படாது. இதை எண்ணியே வெராகிரிப்ட், தட்டின் துவக்கத்தில் ஒரு பேழையும், இறுதியில் அதன் பிரதி ஒன்றும் வைத்திருக்கிறது. பிரதியைக் கொண்டு முதலாவதைப் புதுப்பிக்கலாம். பிட்லாக்கர் மூன்று இடங்களில் வைக்கிறது. அதற்கென்று விண்டோஸில் 'ரிப்பேர்-பி.டி.இ.' என்னும் கட்டளையும் இருக்கிறது. கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ கையில் இருந்தால், சிதைந்த தட்டிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்து வேறொரு தட்டில் அது எழுதிக் கொடுக்கும். எழுதப்படும் தட்டில் முன்பு இருந்தது முழுவதும் அழிந்துபோகும். வெறுந்தட்டையே கொடுக்க வேண்டும். லினக்ஸில் வழங்கும் லக்ஸ் முறையின் முதற் பதிப்பிலோ பேழை ஒன்றே ஒன்று. ஆகவே அதை உபயோகிப்பவர்கள் பேழையைத் தனியே நகல் எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம் என்றே நாம் சொல்லுவோம்.

மூன்றாவது, சாவி. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், விரல்கள் எழுதியது என்னவென்று கண்ணால் பாருங்கள். 'நோட்பேட்' என்னும் வெற்றேட்டைத் திறந்து அதில் சொல்லைத் தட்டச்சு செய்தால் உண்மை தெரிந்துவிடும். பெரிய எழுத்துப் பொத்தான் அழுந்தியிருக்கலாம். அமெரிக்க விசைப்பலகையில் '@' இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் விசைப்பலகையில் இரட்டை மேற்கோள் குறி இருக்கிறது; ஒன்று மற்றொன்றாக அமைந்துவிட்டால் சொல் மாறிவிடும். தமிழ்99 விசைப்பலகையை மூடாமல் விட்டிருந்தால், ஆங்கிலச் சொல் எழுதியதாக நாம் எண்ணியிருக்க, கணிப்பொறி தமிழெழுத்துக்களை வாங்கிக்கொண்டிருக்கும். சரிபார்த்த பின் வெற்றேட்டிலுள்ளதை அழித்துவிடுங்கள்.

சொல் உண்மையிலேயே மறந்துபோயிருந்தால், பிட்லாக்கர் உபயோகிப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. பூட்டுப் போட்ட நாளிலேயே, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைக் கணிப்பொறி கொடுத்திருக்கும். அதை மைக்ரோஸாப்ட் கணக்கில் சேமித்திருக்கலாம், கோப்பாக எங்கேனும் வைத்திருக்கலாம், காகிதத்தில் அச்சிட்டிருக்கலாம். ஆபீஸ் தட்டானால் ஆபீஸிலேயே பதிவாகியிருக்கக்கூடும். பல தட்டுக்கள் உள்ளவர்கள் குழம்ப வேண்டியதில்லை. திறக்கச் சொல்லிக் கேட்கும் திரையில், சாவியின் அடையாளமாக எட்டு எழுத்துக்கள் காணப்படும். காகிதத்திலுள்ள அடையாளத்தின் துவக்கமும் அதுவாயிருந்தால் அதுவே சரியான சாவி.

இந்த 48 இலக்கங்களில் ஒரு சாதுரியம் ஒளிந்திருக்கிறது. அவை ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளாய் இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். எந்தத் தொகுதியும் 720885-ஐத் தாண்டாது. ஆகவே கையால் எழுதி வைத்த சாவியில், 1 என்பது 7 போலவோ, 3 என்பது 8 போலவோ மங்கிப்போயிருந்தால், தவறு எந்தத் தொகுதியில் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுவான். உதாரணமாக 135795 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 1, 5, 9 சேர்ந்து 15. மற்ற 3, 7, 5 சேர்ந்தும் 15. இரண்டும் சமமாயிருந்தாலும், வித்தியாசம் 11 அல்லது 22 ஆனாலும் தொகுதி சரி. இதையே முதல் இலக்கம் 7 என்று படித்தால் 21-ம் 15-ம் வருகின்றன, வித்தியாசம் 6, ஆகவே தவறு. 8-இலோ 9-இலோ தொடங்கும் தொகுதி எதையேனும் கண்டால், கணக்குப் போடாமலே தவறு என்று சொல்லிவிடலாம்.

சொல்லும் இல்லை, மீட்புச் சாவியும் இல்லை என்றால் என்ன செய்வது? பணம் கொடுத்தால் எந்தப் பூட்டையும் திறந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கை நேயர்கள் ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டும். சொல்லின் பெரும்பகுதி நினைவிருந்தாலோ, சொல் மிகவும் எளியதாயிருந்தாலோ, ஊகித்துப் பார்க்கும் மென்பொருள்கள் உதவக்கூடும். மற்றபடி மந்திரம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் பூட்டைச் செய்த கம்பெனியார் ஒரு பொதுச் சாவி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். இதைச் செய்து பார்க்க முற்பட்டதுண்டு. 1993 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் கிளிப்பர் என்னும் சில்லு ஒன்றை அறிவித்தார்கள். டெலிபோன் பேச்சைக் குறியாக்கம் செய்யும் அந்தச் சில்லின் சாவியை இரு பாதியாக்கி, இரண்டு சர்க்கார் இலாகாக்களிடம் ஒப்படைப்பது ஏற்பாடு. ஜனங்களிடையே பலத்த எதிர்ப்புக் கிளம்பிற்று. 1994-இல் மாட் பிளேஸ் என்னும் ஆராய்ச்சியாளர், சாவி ஒப்படைக்கும் அந்த ஏற்பாட்டையே ஏமாற்றிவிட முடியும் என்று எடுத்துக் காட்டினார். 1996-க்குள் திட்டம் கைவிடப்பட்டது. மறந்துபோன குடியானவனுக்காகத் திறந்து வைக்கும் கொல்லைப்புற வாசலில், அதிகாரியும் நுழைவான், திருடனும் நுழைவான். வாசல் இல்லாமலிருப்பதே இந்தப் பூட்டின் கௌரவம். அதற்குரிய விலையை உடையவரே கொடுக்கவேண்டியிருக்கிறது.

அந்த விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஸ்டீபன் தாமஸ் என்னும் கணிப்பொறி நிபுணரின் வரலாறு சான்று. 7,002 பிட்காயின்களுக்குரிய சாவிகளை, அயர்ன்கீ என்னும் பூட்டிய சிறு சேமிப்புக் கருவியில் அவர் வைத்திருந்தார். கடவுச்சொல் எழுதிய காகிதம் தொலைந்துபோயிற்று. பத்துத் தடவை தவறினால் அந்தக் கருவி தன்னை நிரந்தரமாக மூடிக்கொள்ளும். 2021 ஜனவரியில் இச்செய்தி பத்திரிகையில் வெளிவந்தபோது, அவர் எட்டுத் தடவை முயன்று தவறியிருந்தார். பிட்காயின்களின் அன்றைய மதிப்பு சுமார் 22 கோடி டாலர். கருவியும் பழுதில்லை, பூட்டும் பழுதில்லை. இல்லாதது ஒரு துண்டுக் காகிதந்தான். முயற்சிக்குக் கணக்கு வைக்கும் இத்தகைய கருவிகளில், எத்தனை தடவை மீதமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு சொல்லையும் போடக் கூடாது.

ஆனாலும், சாவி கிடைக்கவில்லையே என்று தட்டை அழித்துவிட வேண்டாம். பூட்டியபடியே பத்திரப்படுத்துங்கள். பழைய டயரியிலோ, தபால்களினிடையிலோ, மறந்துபோன மின்னஞ்சல் கணக்கிலோ சாவி ஒரு நாள் அகப்படலாம். தட்டு இருந்தால்தான் அது உபயோகப்படும்.

இன்று தட்டு நன்றாகத் திறக்கிறவர்களுக்கே இந்தக் கட்டுரை அதிகப் பயன் தரும் என்று நாம் எண்ணுகிறோம். பூட்டுவது திருடனுக்கு எதிரான காவல். தட்டு கெட்டுப்போவதற்கும், நமது மறதிக்கும், நமது மரணத்துக்கும் எதிராக அது காவலாகாது. குடும்பத் தலைவர் ஒருவரே சொல்லை மனத்தில் வைத்திருந்து, திடீரென்று காலமாகிவிட்டால், முப்பது வருஷத்துப் புகைப்படங்கள் கையில் இருந்தும் மனைவி மக்களுக்கு அவை இல்லாமற் போகின்றன. ஆகவே முக்கியமானவற்றை இரண்டாவது தட்டு ஒன்றிலும் வைத்து, அதை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். மீட்புச் சாவியை நல்ல காகிதத்தில் எழுதி, எந்தத் தட்டுக்குரியது, எந்தத் தேதியில் எழுதியது என்றும் குறித்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். தட்டும் காகிதமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. அந்தக் காகிதம் இருக்கும் இடம் வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று தையல் யந்திரத்துக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் இடுகிற வீடுகளில், தட்டையும் பக்கத்தில் வைப்பது உண்டு. வரும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதோடு நிறுத்தாமல், காகிதத்திலுள்ள 48 இலக்கங்களைக் கொண்டு அதை ஒரு தடவை திறந்து பாருங்கள். கடவுச்சொல் தெரியாத ஒருவர் கையால் அதைச் செய்யச் சொல்லுங்கள். அவர் கைக்குத் திறந்தால், ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.